திறப்பு விழாவும் திறந்த உள்ளமும்

 



2007-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 7-ஆம் தேதி எகிப்தின் தலைநகராகிய கெய்ரோவில் ஒரு புதிய கட்டடம் திறந்து வைக்கப்பட்டது. சையிதா ஜைனப் என்று பெயர் வழங்கும் பழைய வட்டாரம் அது. நாயகம் (ஸல்) அவர்களின் பேத்தியார் ஜைனப் (ரலி) அவர்களின் பெயரால் அமைந்த பள்ளிவாசலும் அவ்வட்டாரத்தில்தான் இருக்கிறது. அன்று திறக்கப்பட்டது மாளிகையும் அன்று; அங்காடியும் அன்று. புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கென்றே எழுப்பப்பட்ட மருத்துவமனை.

ஏட்டில் அதற்கு எகிப்து குழந்தைகள் புற்றுநோய் மருத்துவமனை என்று பெயர். ஆனால் கெய்ரோவில் வண்டியோட்டியிடம் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. 57357 என்று எண்ணைச் சொன்னால் போதும், கொண்டுபோய் விட்டுவிடுவார். நன்கொடை செலுத்துவதற்காகத் தொடங்கிய வங்கிக் கணக்கின் எண் அது. அரசர் பெயரோ அமைச்சர் பெயரோ அல்ல, மக்கள் காசு போட்ட கணக்கின் எண்ணே மக்கள் நாவில் மருத்துவமனையின் பெயராக நிலைத்துவிட்டது. ஒரு பவுண்டாவது கொடுங்கள் என்றுதான் அவர்களிடம் கேட்டார்கள். எகிப்து நாட்டு நாணயத்தில் ஒரு பவுண்டு! பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கொடுத்தார்கள். கூலி வேலை செய்வோர் கொடுத்தார்கள். ரமளான் மாதத்தில் ஜகாத்தும் ஸதக்காவும் வந்து குவிந்தன. அதற்கு முன்பு இத்தகைய குழந்தைகளில் பெரும்பாலோர் கெய்ரோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தேசியப் புற்றுநோய் நிலையத்தில் இட நெருக்கடியில் தவித்துக் கொண்டிருந்தவர்கள். புதிய கட்டடத்தில் சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது. முஸ்லிம் குழந்தை, கிறிஸ்தவக் குழந்தை என்ற பாகுபாடும் கிடையாது.

இத்தகைய ஒரு கட்டடம் திறக்கப்படும்போது மகிழ்ச்சி கொண்டாடலாமா என்றால், அது என்ன கேள்வி என்று நீங்கள் வியக்கலாம். ஆனால் நம்மவரிடையே இருவகை எண்ணங்கள் உலவுகின்றன. நோயுற்ற பிள்ளைகள் படுத்துக் கிடக்கும் இடத்துக்குத் தோரணமும் மலர்மாலையும் எதற்கு என்று ஒரு சாரார் முகம் சுளிக்கிறார்கள். இன்னொரு சாராரோ கத்திரிக்கோல், பட்டு நாடா, பொன்னாடை, பத்திரிகைப் படம் இவற்றோடு அந்தக் கட்டடத்துக்கும் தமக்கும் உள்ள உறவை முடித்துக்கொண்டு, பிரியாணி உண்ட களைப்போடு வீடு திரும்பிவிடுகிறார்கள்.

முதல் சாராருக்குத் திருமறையே விடை தருகிறது. யூனுஸ் அத்தியாயத்தின் 58-வது வசனத்தைப் பாருங்கள். அல்லாஹ்வின் அருளைக் கொண்டும் அவனுடைய கிருபையைக் கொண்டும் மகிழ்ச்சியடையும்படி அவனே பணிக்கிறான்; மனிதர்கள் சேர்த்து வைக்கும் செல்வத்தை விட அது மேலானது என்றும் அறிவிக்கிறான். குழந்தைகளின் துயர் நீங்க ஒரு வாசல் திறப்பது அவனுடைய கிருபையன்றி வேறென்ன? ஆகவே மகிழ்வது ஆகுமானது மட்டுமல்ல, நன்றியின் ஒரு பகுதியும் ஆகும்.

ஆனால் எப்படி மகிழ்வது? வெற்றி வந்து, மக்கள் கூட்டங் கூட்டமாக மார்க்கத்தில் நுழையும் காட்சியைப் பற்றிப் பேசும் நஸ்ர் அத்தியாயம், அந்த வேளையில் முரசு கொட்டச் சொல்லவில்லை. இறைவனைத் துதிக்கவும் அவனிடம் பாவமன்னிப்புத் தேடவும் சொல்கிறது. ஹிஜ்ரீ 8-ஆம் ஆண்டில் மக்கா நகரம் வசப்பட்ட நாளில், பத்தாயிரம் தோழர்கள் புடைசூழ வந்த அந்த வெற்றித் தலைவர் (ஸல்) ஒட்டகத்தின் மீது தலை தாழ்த்தி அமர்ந்து, தாடி சேணத்தைத் தொடுமளவுக்குக் குனிந்தவர்களாகவே ஊருக்குள் நுழைந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஊரை விட்டு விரட்டப்பட்டவர் அதே ஊருக்கு அதிபதியாகத் திரும்பும் நாளில் குனிந்த தலை அது!

நாமோ தலை நிமிர்த்தி நம் பெயர் எங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது என்று சுவரில் தேடுகிறோம். நம் ஊர்களில் பள்ளிவாசல் மின்விசிறியின் இறக்கையில் கூட அன்பளித்தவர் பெயர் எழுதியிருக்கிறது. விசிறி சுழலும்போது அந்தப் பெயரைப் படிக்க முடியாது என்பது வேறு விஷயம்! உயரமான இடந்தோறும் வீண் பெருமைக்காகச் சின்னங்கள் எழுப்பி, நிரந்தரமாக வாழப்போகிறவர்களைப் போல் கோட்டைகள் கட்டிய ஆது கூட்டத்தாரை அவர்களின் நபியாகிய ஹூது (அலை) அவர்கள் கண்டித்ததை அஷ்ஷுஅரா அத்தியாயம் எடுத்துரைக்கிறது. கட்டியது குற்றமல்ல, எதற்காகக் கட்டினார்கள் என்பதே குற்றம்.

கெய்ரோ என்றதும் இவ்விடத்தில் ஒரு பழைய வரலாற்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. இன்றைய குழந்தைகள் மருத்துவமனைக்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னரே அதே நகரில் ஒரு பெரும் மருத்துவமனை திறக்கப்பட்டது. எகிப்தின் சுல்தான் மன்சூர் கலாவூன் கட்டியது. அவர் சுல்தானாகும் முன்பு, ஒரு தளபதியாக இருந்த காலத்தில், டமாஸ்கஸ் நகரில் கடும் நோய்வாய்ப்பட்டார். நூருத்தீன் என்னும் நல்லரசர் 1154-இல் அங்கே நிறுவிய மருத்துவமனையிலிருந்து வந்த மருந்தால் குணமடைந்தார். எழுந்து நடமாட முடிந்ததும் அந்த இடத்தை நேரில் சென்று பார்த்து, அல்லாஹ் எனக்கு ஆட்சியைத் தந்தால் நானும் இதுபோல் ஒன்று கட்டுவேன் என்று நேர்ந்து கொண்டார். 1279-இல் ஆட்சி வந்தது. 1284-இல் வேலை தொடங்கி ஓராண்டுக்குள் கட்டி முடித்துவிட்டார். காய்ச்சல்காரர்களுக்கு ஒரு கூடம், கண் நோயாளிகளுக்கு ஒரு கூடம், அறுவை சிகிச்சைக்கு ஒரு கூடம், ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. திறப்பு நாளில் அங்கு தயாரான பானத்தை ஒரு கிண்ணம் வாங்கிப் பருகிய சுல்தான், தமக்கு நிகரானவர்களுக்கும் தமக்குக் கீழானவர்களுக்கும், அரசனுக்கும் அடிமைக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் இதை வக்ஃபு செய்துவிட்டதாக அறிவித்தார்.

கேட்கவே நெஞ்சம் குளிர்கிறதல்லவா? இதன் மறுபக்கத்தையும் வரலாற்றாசிரியர் மக்ரீஸி மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். வேலை விரைவாக முடிய வேண்டுமென்று, மேற்பார்வை செய்த அதிகாரி தெருவில் போவோர் வருவோரையெல்லாம் பிடித்துக் கல் சுமக்க வைத்தார். குதிரையில் வந்த கண்ணியவான்கள் கூட இறங்கிச் சுமக்க நேர்ந்தது. அந்த இடத்தில் குடியிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். வேறோர் கோட்டையிலிருந்து தூண்களைப் பெயர்த்து எடுத்து வந்தார்கள். இதையெல்லாம் கண்ட மார்க்க அறிஞர்களும் பேணுதலுள்ள மக்களும் அந்தக் கட்டடத் தொகுதியில் இருந்த மதரஸாவில் தொழுவதற்கே தயங்கினார்கள். நோயாளிக்கு மருந்து கொடுக்கும் இடந்தானே, அதில் என்ன ஹலால் ஹராம் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. இறையச்சத்தின் மீது அடித்தளமிட்ட கட்டடத்தையும், சரிந்து விழப்போகும் கரையின் விளிம்பில் அடித்தளமிட்ட கட்டடத்தையும் தவ்பா அத்தியாயத்தின் 109-வது வசனம் பிரித்துக் காட்டுவதை அவர்கள் ஓதியிருந்தார்கள். கொத்தனாரின் கூலியை இழுத்தடித்துவிட்டு, அந்தக் கட்டடத்தின் திறப்பு விழாவில் ஸலவாத்து ஓதும் பொறுப்பாளர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும்.

இவ்வளவு குறை இருந்தும் கலாவூனின் மருத்துவமனை பல நூற்றாண்டுகள் நோயாளிகளுக்குப் பயன்பட்டது. இன்றும் அந்த இடத்தில் ஒரு கண் மருத்துவமனை இருக்கிறது. அது எப்படி நிலைத்தது? கட்டடத்தோடு அவர் நிறுத்திக் கொள்ளவில்லை. கடைகள், குளியல் நிலையங்கள், தங்கும் விடுதிகள் ஆகியவற்றின் வருமானத்தை அதற்கென்றே வக்ஃபாக எழுதி வைத்தார். மருத்துவரின் சம்பளம், மருந்து, நோயாளியின் உணவு, படுக்கை, விளக்கெண்ணெய் வரைக்கும் அதிலிருந்து வந்தது. அக்காலத்து மக்கள் கட்டடம் வேறு, அதை நடத்துவது வேறு என்று கருதவில்லை. நாளைய எண்ணெய்க்கு வழி செய்யாமல் இன்று விளக்கைத் தொங்கவிடும் வழக்கம் அவர்களிடம் இல்லை.

கெய்ரோவின் புதிய மருத்துவமனைக்கு வருவோம். 2022-ஆம் ஆண்டில் எகிப்து நாணயத்தின் மதிப்பு வீழ்ந்து, விலைவாசி ஏறியது. கொடுத்துக் கொண்டிருந்த குடும்பங்களே தடுமாறின. நன்கொடை குறைந்துவிட்டது, நெருக்கடியில் இருக்கிறோம் என்று அம்மருத்துவமனை மக்களிடம் வெளிப்படையாக முறையிட வேண்டி வந்தது. திறந்த நாளில் கைகொட்டியவர்களுக்கும், பதினைந்து ஆண்டுகள் கழித்து அங்கே மருந்துக்காகக் காத்திருந்த குழந்தைக்கும் இடையில் அறுந்து போகாத கயிறு ஒன்று வேண்டும். அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது, குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படுவதே என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தது இதற்குத்தான் எத்துணை பொருத்தம்! விழா நாளில் ஆயிரம் கொடுப்பவரை விட, மாதந்தோறும் ஐம்பது கொடுப்பவரை நம்பித்தான் மருந்துக் கடையில் கணக்கு வைக்க முடியும்.

ஜகாத்தைப் பற்றி ஒரு சொல். ஏழைகள் முதலான எட்டு வகையினரைத் திருமறை குறிப்பிட்டுவிட்டது. அந்தப் பொருள் உரியவருக்கு உடைமையாகச் சேர வேண்டும் என்பதே ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளில் பரவலாக அறியப்பட்ட சட்டம். ஆகவே சுவர் எழுப்புவதற்கு ஜகாத்தைக் கொடுக்கலாகாது என்று அவ்வறிஞர்கள் கூறுவார்கள். பிற்கால அறிஞர்களில் சிலர் இதில் விரிவு காட்டியிருப்பதும் உண்மை. வம்பே வேண்டாம்: சுவருக்கும் இயந்திரத்துக்கும் ஸதக்காவைக் கொடுங்கள், அது ஸதக்கத்துல் ஜாரியாவாக நீங்கள் மறைந்த பின்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஏழை முஸ்லிம் குழந்தையின் மருந்துச் செலவுக்கு ஜகாத்தைக் கொடுங்கள். கொடுக்கும்போதே இது ஜகாத் என்று சொல்லிக் கொடுங்கள், அவர்கள் கணக்கைப் பிரித்து வைத்துக் கொள்வார்கள். ஐயமிருந்தால் உங்கள் ஊர் ஆலிமைக் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

இனி, பணத்தை விடப் பெரிய விஷயத்துக்கு வருகிறோம். இதைக் குறிப்பாகத் தாய்மார்கள் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம்.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 லட்சம் சிறுவர் சிறுமியருக்குப் புற்றுநோய் காண்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வளமான நாடுகளில் இவர்களில் 100-க்கு 80 பேருக்கு மேல் குணமடைந்து விடுகிறார்கள். வறிய, நடுத்தர நாடுகளிலோ 30 பேர் கூடத் தேறுவதில்லை. நோய் ஒன்றுதான், பிள்ளைகளும் ஒரே விதமான பிள்ளைகள்தாம். பின் ஏன் இந்த வேற்றுமை? மருத்துவமனையும் மருந்தும் இல்லாமை ஒரு காரணம். நோயைக் காலம் கடந்து கண்டுபிடிப்பது மற்றொரு காரணம். தொடங்கிய சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிடுவது இன்னொரு காரணம். பின்னிரண்டும் பல வேளைகளில் நம் வீட்டு வாசற்படிக்குள் நடப்பவை.

ஓயாத காய்ச்சல், இரத்தம் வற்றியது போன்ற வெளுப்பு, அடிபடாமலே உடம்பில் கன்றிப்போன தடங்கள், எலும்பு வலியால் நொண்டுதல், வயிற்றிலோ கழுத்திலோ கட்டி, கண்ணின் பாப்பாவில் வெள்ளையாக ஓர் ஒளி — இவை யாவும் புற்றுநோய்தான் என்று அஞ்ச வேண்டாம். பெரும்பாலும் வேறு சாதாரணக் காரணமே இருக்கும். ஆனால் நீடித்தால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். கண்ணேறு பட்டுவிட்டது என்று தண்ணீர் ஓதிக் கொடுத்துக்கொண்டு மூன்று மாதம் கடத்துவது தவக்குல் அல்ல. ஓதிப் பார்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. நாயகம் (ஸல்) அவர்களே ஓதியிருக்கிறார்கள். ஆனால் அதே நாயகம் (ஸல்) அவர்கள்தாம் மருத்துவம் செய்து கொள்ளும்படி கிராமத்து அரபிகளுக்குக் கட்டளையிட்டு, முதுமையைத் தவிர மருந்தில்லாத நோயை அல்லாஹ் வைக்கவில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். கொள்ளைநோய் பரவிய ஷாம் நாட்டுக்குள் நுழையாமல் திரும்பிய உமர் (ரலி) அவர்களிடம், அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீரா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, ஆம், அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கு ஓடுகிறோம் என்ற கருத்தில் அன்னார் விடை கொடுத்தார்கள். மருத்துவமனையின் வாசலும் அவனுடைய விதியிலே உள்ளதுதான்.

சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவது இன்னும் வேதனையானது. குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் இரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். சில மாதங்களில் பிள்ளையின் முகம் தெளிந்துவிடும். ஓடி விளையாடத் தொடங்கிவிடுவான். தகப்பனாரோ பேருந்துக் கட்டணத்துக்கும் விட்டுப்போன கூலிக்கும் கணக்குப் பார்க்கிறார். பிள்ளைதான் தேறிவிட்டானே என்று ஒரு தவணை தவறுகிறது, பிறகு மறு தவணை. உள்ளே பதுங்கிய நோய் திரும்பி வருகிறது. அந்தத் தகப்பனாரைக் குறை சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை. அவருடைய பேருந்துக் கட்டணம் அந்த ஊர் ஜமாஅத்தின் கணக்கில் ஏன் வரவில்லை என்றே கேட்கத் தோன்றுகிறது.

இது தொற்றுநோயும் அல்ல. முடி உதிர்ந்த பிள்ளையோடு தன் பிள்ளையை விளையாட விடாத தாய் அறியாமல் செய்கிறாள். பெண் குழந்தை என்றால், வெளியே தெரிந்தால் நாளைக்கு மணம் முடிப்பது எப்படி என்று நோயையே மூடி மறைக்கிறார்கள். அந்த நாளைக்குப் பிள்ளை வேண்டாமா?

குழந்தையின் துயரத்தை நாயகம் (ஸல்) அவர்கள் எப்படிக் கண்டார்கள்? தொழுகையை நீட்ட எண்ணி நிற்பார்கள். பின்வரிசையில் ஒரு குழந்தை அழும் குரல் கேட்கும். அதன் தாய் படும் பாட்டை எண்ணித் தொழுகையைச் சுருக்கிவிடுவார்கள். அல்லாஹ்வின் முன்னால் நிற்கும் நிலையிலேயே ஒரு சிசுவின் அழுகைக்கு இடமிருந்தது. அன்னாரின் மகளார் ஒருவர், தம் குழந்தை இறக்கும் தறுவாயில் இருப்பதாக ஆளனுப்பினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்கள் சிலரோடு சென்றார்கள். மூச்சுத் திணறிக் கொண்டிருந்த குழந்தையைக் கையில் வாங்கியதும் கண்கள் நிறைந்து வழிந்தன. இதென்ன, தாங்களுமா என்ற பொருளில் ஸஅது (ரலி) அவர்கள் கேட்டார்கள். இது அல்லாஹ் தன் அடியார்களின் இதயங்களில் வைத்த இரக்கம் என்றும், இரங்குவோருக்கே அவன் இரங்குகிறான் என்றும் விளக்கினார்கள். பொறுமைக்கும் கண்ணீருக்கும் பகையில்லை. மருத்துவமனையில் அமர்ந்து அழும் தாயிடம், ஈமான் உள்ளவர் அழலாமா என்று உபதேசம் செய்வோர் இந்த ஹதீஸை ஒருமுறை ஓதிவிட்டுப் போகட்டும்.

கையில் காசில்லாதவர்களுக்கும் வழி உண்டு. இந்தக் குழந்தைகளுக்கு அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் தட்டணுக்களைச் சுமார் ஐந்து நாட்களுக்கு மேல் சேமித்து வைக்க இயலாது. ஆகவே ஒரே நாளில் முகாம் போட்டு நூறு பேர் கொடுத்துவிட்டு ஆண்டு முழுவதும் மறந்துவிடுவதை விட, இளைஞர்கள் பெயர்ப்பட்டியல் வைத்துக் கொண்டு முறை வைத்துக் கொடுப்பது மிக நன்று. கெய்ரோவாயினும் சென்னை எழும்பூராயினும் குழந்தைகள் மருத்துவமனைக்கு இந்தத் தேவை என்றைக்கும் உண்டு.

நோயாளியை நலம் விசாரிப்பது நம் கடமைகளில் ஒன்று. நாயகம் (ஸல்) அவர்கள் தமக்குப் பணிவிடை செய்து வந்த யூதச் சிறுவன் நோயுற்றபோது அவன் வீடு தேடிச் சென்று தலைமாட்டில் அமர்ந்தார்கள். ஆனால் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றப்படும் குழந்தையின் உடம்பில் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்திருக்கும். நமக்குச் சாதாரணச் சளி. அந்தக் குழந்தைக்கு அது உயிராபத்து. வண்டி பிடித்துக் குடும்பத்தோடு பத்துப் பேர் போய்ப் படுக்கையைச் சூழ்ந்து நின்று, கன்னத்தைக் கிள்ளி முத்தமிடுவது அன்பாகத் தோன்றினாலும் தீங்காக முடியும். உள்ளே விடாத செவிலியரோடு சண்டையிடுவதில் ஒரு நன்மையும் இல்லை. நோயாளியை வலக்கரத்தால் தடவி, மனிதர்களின் இரட்சகனிடம் இத்துன்பத்தைப் போக்கும்படியும், நோயின் சுவடே இல்லாத குணத்தைத் தரும்படியும் நாயகம் (ஸல்) அவர்கள் வேண்டிய துஆ ஒன்று உண்டு. அதை வாசலில் நின்றபடியே ஓதலாம். ஓதிவிட்டு, இரவெல்லாம் விழித்திருந்த அந்தத் தாய் சாப்பிட்டாளா என்று கேட்டு, கொண்டு போன சாப்பாட்டுத் தூக்கை அவள் கையில் கொடுத்து, வீட்டிலே விட்டு வந்த மற்றப் பிள்ளைகளை நாங்கள் பார்த்துக் கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுத் திரும்பலாம்.